கோணல் ஜோடி

தோள் அளவு எடுத்து முடித்த பிறகும் டேப் கழுத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். எதிரே கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கைப் பெண், அளவில் ஏதோ தகராறு என்று நினைத்து முதுகை இன்னும் நிமிர்த்துவாள். டேப் அக்காவுக்கு அளவில் ஒரு தகராறும் கிடையாது. தலையைச் சாய்த்துக் காதுமடலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே தோட்டின் முதுகு தெரியும்.

"மூஞ்சியை யாரு வேணா துடைச்சு வெப்பாங்க. முதுகு யாருக்கு எட்டும்?" என்பாள். இதைச் சொல்வதற்காக வாயிலிருந்து குண்டூசிகளை எடுக்க வேண்டியிருப்பதால், அடிக்கடி சொல்வதில்லை. துணிக்கடையின் மேல்மாடியில் ஆல்ட்டர் வேலை பார்க்கிறாள். வாயில் எந்நேரமும் நாலைந்து ஊசி இருக்கும். ஊசி வைத்திருப்பவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதை அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கண்டுகொண்டாள்.

அவள் சேர்ப்பது கவரிங் தோடு. எல்லாக் கவரிங்கும் இல்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து செய்த இலைத் தோடு மட்டும். பித்தளைத் தகட்டில் ஒரு வளைந்த இலை, நடுவில் ஒரு கண்ணாடிக் கல், முலாம், பின்னால் திருகாணி. பெயர், முத்திரை ஒன்றும் கிடையாது. வேறு பட்டறைகளும் அதே இலையைச் செய்து தள்ளின. முன்பக்கம் பார்த்தால் எல்லாம் அக்கா தங்கைகள். திருப்பினால்தான் தெரியும். மற்றவர்கள் காதில் நுழையும் தண்டைப் பற்றவைத்த இடத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் அதை அரம் போட்டு இழைத்திருப்பார்கள், காதில் உறுத்தக் கூடாதென்று. யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு நேரம் செலவழித்தவர்கள் மேல் டேப் அக்காவுக்கு ஒரு மரியாதை. அவளும் உள்தையலுக்கு அப்படித்தான் மெனக்கெடுவாள்.

அவள் கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். மேலும் கீழும் போய் வந்ததில் எதற்கும் பதற்றப்படாத மனிதர். "எங்க வீட்ல பொட்டி பொட்டியா நகை. அடகுக் கடைக்குக் கொண்டுபோனா அவன் சிரிச்சே செத்துடுவான்" என்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் சொல்வாராம். நோயாளிகளுக்கு அது ஆறுதலாக இருக்கிறது என்று கேள்வி.

சேர்க்க ஆரம்பித்த காலத்தில் டேப் அக்கா ஒரு பெரிய தப்புச் செய்தாள். வலது, இடது இரண்டும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும் ஜோடிகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கினாள். தையல்காரிக்கு இரண்டு கையும் ஒரே நீளமாக இருந்தால்தான் சட்டை. இலை கொஞ்சம் முன்பின் இருந்தால் யாரோ மாற்றிப் போட்டு ஜோடி சேர்த்தது என்று ஒதுக்கிவிடுவாள்.

தோடு செய்த அந்த வீட்டு மகள் ஒருநாள் கால்சட்டை குட்டையாக்க வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள், சத்தமான குரல். மெஷின் மேல் கிடந்த தோட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டு இலையாச்சே" என்றாள். டேப் அக்கா எல்லா ஊசியையும் வாயிலிருந்து எடுத்து வைத்தாள்.

வேன்காரி சொன்னது இதுதான். இலை வலது காதுக்கு ஒரு பக்கமும் இடது காதுக்கு மறுபக்கமும் திரும்ப வேண்டும். அப்பா வலது செய்வார், அம்மா இடது செய்வாள். ஒரே மேஜை, எதிரெதிர் நாற்காலி. ஆளுக்கு ஒரு பக்கம் கைக்குப் பழகிவிட்டது. மாற்றிச் செய்யச் சொன்னால் இருவருக்கும் வராது. அப்பாவின் இலை நுனி விறைப்பாக மடங்கியிருக்கும். அம்மாவின் இலை நுனி வெளிப்பக்கம் லேசாகத் திறந்திருக்கும், கொட்டாவி விட நினைத்து அடக்கிக்கொண்டதுபோல. அந்த வீட்டிலிருந்து இரண்டும் ஒன்றுபோல ஒரு ஜோடிகூட வெளியே போனதில்லை, அம்மா இருந்தவரை. அவள் போன பிறகு அப்பாவே இடதையும் செய்யப் பழகிக்கொண்டார்.

டேப் அக்கா வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். அச்சுப் பிசகாத ஜோடிகள் அத்தனையும் அந்த அப்பாவின் ஒரே கை. மறுநாள் அவற்றைக் கடைக்குக் கொண்டுவந்து ஜன்னலில் நிற்கும் பொம்மைகளுக்கு மாட்டிவிட்டாள். காதில் ஓட்டை இல்லாத பொம்மைகளுக்குப் பசை வைத்து ஒட்டினாள். முதலாளி ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது என்றார்.

அதிலிருந்து அவளுக்குக் கோணல் ஜோடிதான். பழைய சாமான் கடைக்காரர் சரியாகப் பொருந்தாததையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுவைத்து, வருஷக் கணக்கில் அவளுக்கு அனுதாபத்தோடு விற்று வருகிறார். பார்வையில் ஏதோ கோளாறு என்று அவருக்கு எண்ணம். அவள் திருத்தவில்லை.

ஒற்றைகளும் வரும். அவற்றுக்குத் துணை தேடுவதுதான் அவளுக்குப் பிழைப்புக்கு அடுத்த பிழைப்பு. புகை நிறக் கல் வைத்த இடது இலை ஒன்று ஒரு தையல்காரரின் பட்டன் டப்பாவில் கிடைத்தது. அதன் வலது எங்கும் இல்லை. பல வருஷம் கழித்து ஒரு பெண்ணின் பைச் சங்கிலியில் சாவிகளோடு தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் பாவாடை, சட்டை, திரைச்சீலை எல்லாவற்றையும் இலவசமாகத் தைத்துக் கொடுத்து அதை வாங்கினாள். பெட்டியில் இரண்டையும் அருகருகே பஞ்சில் வைத்த அன்று, சாப்பாட்டுக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். கணவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார். சேர்த்த ஜோடியை அவள் யாருக்காகவும் பிரிப்பதில்லை. கண்காட்சிக்கு ஒற்றையாக இரவல் கேட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

போன மாதம் வேன்காரி வீட்டுக்கே வந்தாள். மகனுக்குக் கல்யாணம். அம்மா கையால் செய்தது ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அன்றன்றைக்குச் செய்ததை அன்றன்றைக்கு விற்றால்தான் அடுப்பு எரியும் வீடு அது. டேப் அக்கா பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தாள். வேன்காரியின் விரல் எங்கும் அலையாமல் புகை நிறக் கல்லில் போய் நின்றது.

"இது அம்மா செய்யறப்போ பக்கத்துல இருந்தேன். கல்லைத் தூக்கி வெளிச்சத்துல காட்டி, மழை வரப்போகுது துணியை எடுன்னாங்க. நான் நிஜமாவே ஓடினேன்."

டேப் அக்கா ஜோடியைப் பஞ்சோடு எடுத்து அவள் கையில் வைத்தாள். மனசு கேட்கவில்லை என்றாலும் வைத்தாள். வேன்காரி இடதை மட்டும் எடுத்துக்கொண்டு வலதைத் திருப்பி நீட்டினாள்.

"அப்பா பக்கம் வேண்டாம் அக்கா. நீங்களே வெச்சுக்குங்க."

டேப் அக்கா வாங்கவில்லை. "ரெண்டையும் கொண்டு போ. இதைப் பிரிச்சுக் கொடுக்க எனக்குக் கை வராது."

"அவரு எப்பவோ பிரிச்சிட்டாரு" என்றாள் வேன்காரி. அம்மா போன அடுத்த மாதம், கடைக்காரர்கள் சரக்கு எடுக்க வந்தார்கள். அப்பா தானே செய்த இரண்டு இலையையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவள் டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் ஜோடி சரியா வருதுன்னாரு. எல்லாரும் ஆமான்னாங்க. டீயை எடுத்துக்கிட்டாங்க."

அவள் சத்தமான குரலில் இதைச் சொல்லவில்லை.

டேப் அக்காவின் கணவர் செய்தித்தாளை மடித்தார். பதற்றப்படாதவர், ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. "ஒத்தைக் காதுல போட்டா, இன்னொண்ணு தொலைஞ்சுபோச்சுன்னு நெனைப்பாங்களேம்மா."

"தொலைஞ்சுதானே போச்சு அண்ணே" என்றாள் வேன்காரி.

வேன்காரி நீட்டியிருந்த கையையே டேப் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். வலது இலை அந்த உள்ளங்கையில் விறைப்பாக, ஒரு குற்றமும் அறியாததுபோலக் கிடந்தது. அது நல்ல வேலைதான். அதையும் அவள் தேடித்தான் கண்டுபிடித்தாள். கடைசியில் அதை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். இடதுக்குப் புதிய திருகாணி ஒன்று தேடிக் கொடுத்தாள், பழையது மரை தேய்ந்திருந்தது. திருப்பித் தர வேண்டுமா என்று வேன்காரியும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு டேப் அக்காவும் கணவரும் போனார்கள். வேன்காரியின் இடது காதில் இலை இருந்தது, வலது காது சும்மா இருந்தது. யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

நேற்று பழைய சாமான் கடைக்காரர் தன் டப்பாவோடு மேல்மாடிக்கே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. பொட்டலத்தைப் பிரித்தார். புகை நிறக் கல், இடது இலை, நுனி வெளிப்பக்கம் லேசாகத் திறந்திருந்தது. டேப் அக்கா திருப்பிப் பார்த்தாள். அரம் போட்ட இடம் வழவழவென்று இருந்தது. அந்த அம்மாளின் கைதான், சந்தேகமில்லை. பெட்டியில் தனியாகக் கிடக்கும் வலதுக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

"உங்ககிட்ட இதுக்கு வலது தனியா இருக்குன்னு சொன்னீங்கல்ல? ஜோடி சேர்த்துடலாமே" என்றார் அவர்.

அவள் ஊசிகளை எடுத்துவிட்டு, "அதுக்கு ஜோடி இருக்குங்க. வெளியே போயிருக்கு" என்றாள்.

அவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டு, அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். வீட்டுக்குப் போனதும் டேப் அக்கா பெட்டியை எடுத்துத் திறந்தாள். வலது இலைக்குப் பக்கத்தில் பஞ்சு பள்ளமாக இருந்தது. அதில் ஒரு நூல் துணுக்கு விழுந்திருந்தது. ஊசி முனையால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, பள்ளம் மேடாகாமல் பெட்டியை மெதுவாக மூடினாள்.