முத்துலிங்கம் பாஸும் சிவப்பு வயரும்

மலையகத்து நோர்வூட் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் சாமிக்கு அடுத்தபடியாக நம்புவது மெக்கானிக் முத்துலிங்கம் பாஸைத்தான். கைத்தொழில்காரரை அங்கே 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்குக் காது அப்படி. இஞ்சின் சத்தத்தைக் கேட்டே, "பொயின்ட் கேப் ஒரு நூலு கூடிப்போச்சு" என்பார். திறந்து பார்த்தால் கூடித்தான் இருக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பதின்மூன்று வயதில் ஸ்பேனர் பிடித்த கை அது. நாற்பத்தைந்து வருஷத்தில் தொழிலும் வளர்ந்தது, கூடவே தலைக்கனமும் வளர்ந்தது. இங்கிலீஷ் மட்டும் வளரவில்லை. அதை யாரிடமும் சொல்ல மாட்டார். தாள் ஏதாவது நீட்டினால், "கண்ணாடி வீட்டுல இருக்கு" என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது.

மகாலிங்கம் மாஸ்டரின் மொரிஸ் மைனர் கார் முப்பது வருஷமாக அவர் கையில்தான். மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்து, பக்கத்து ஊரான ஹட்டனிலேயே பென்ஷனும் வாங்கி வீடும் கட்டிக்கொண்டவர். மழை மாதம் வந்தால் மைனர் இருமத் தொடங்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து திறந்து மூடி நெருப்புப்பொறி கொடுக்கும் சின்னப் பொயின்டில் ஈரம் ஏறிவிடும். பாஸ் போய்த் தேய்த்து, இடைவெளி அளந்து கேப் வைத்து, தட்டிக் கொடுத்துவிட்டு வருவார்.

போன ஐப்பசியில் இங்கிலாந்திலிருந்து மாஸ்டருக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. பொயின்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டுகிற எலெக்ட்ரோனிக் கிட். அனுப்பியது மாஸ்டரின் ஒரே மகள் நிரூபா. வாங்கியது அவள் புருஷன் துஷாந்த். அங்கே ஒரு கராஜில் வேலை. துஷாந்த் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, தாய் கொழுந்து பறித்துப் படிக்கவைத்தவன். அந்த ஒரு காரணத்துக்காக மாஸ்டர் நான்கு வருஷம் மகளோடு பேசவில்லை. பேரப்பிள்ளை பிறந்தபோதுகூடப் பேசவில்லை. மகள் அனுப்பியவற்றில் திருப்பி அனுப்பாமல் அவர் கையில் வாங்கியது இந்தப் பெட்டி ஒன்றைத்தான். மாஸ்டரின் மனைவி சிவனேஸ்வரி அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பாஸுக்குப் போன் செய்தார். அவர் வந்ததும் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

"இது சரிவந்தால் அப்பாவும் மகளும் திரும்பக் கதைப்பினம், முத்துலிங்கம். பாத்துச் செய்யும்," என்றார். பெட்டிக்குள் இருந்த தாளையும் எடுத்தார். "இங்கிலீசில கிடக்கு. நான் வாசிச்சுச் சொல்லட்டே?"

"எதுக்கும்மா? இந்தக் காரு எனக்கு மனப்பாடம்."

தாளை வாங்கி மடித்து, மண்டியிடுவதற்குத் தோதாக முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

பழைய பொயின்ட் வெளியே வந்தது, கிட் உள்ளே உட்கார்ந்தது. மிச்சம் இரண்டு வயர், சிவப்பும் கறுப்பும். தினம் திரீவீலருக்கும் வேனுக்கும் செய்கிற மாதிரி, சாவியிலிருந்து கரண்ட் வருகிற பக்கம் சிவப்பைப் பூட்டினார். மைனர் அந்தக் காலத்து வண்டி, அதில் எல்லாம் தலைகீழ். பேட்டரியின் ப்ளஸ்தான் வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும். சாவிப் பக்கம் கறுப்பு வயர்தான் போக வேண்டும். முப்பது வருஷமாக அந்தப் பேட்டரியைக் கழற்றி மாட்டியவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கைதான் அன்றைக்கு மறந்துவிட்டது.

மாஸ்டரிடம் சாவியைத் திருப்பச் சொன்னார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தது. பாஸின் கண் பேட்டரிக்குப் போனது. அந்த நொடியே விஷயம் விளங்கிவிட்டது.

"என்ன மணக்குது? சாமான் பிழையோ?" என்றார் மாஸ்டர்.

'என் பிழை சேர்' என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பாழாய்ப்போன வாய் வேறு சொன்னது.

"இப்ப வர்ற சாமான் எல்லாம் இப்பிடித்தான் சேர். டூப்ளிகேட்டா இருக்கும்."

மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எனக்குத் தெரியும். தோட்டத்துப் பெடியன்ர புத்தி வேற எங்க போகும்?" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகப் பாஸின் தோளைத் தொட்டார். "உம்மைச் சொல்லேல்ல. நீர் வேற."

நீர் வேறயாம்! லயத்தில் பிறந்த முத்துலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நின்றதோடு விட்டாரா? தலையை வேறு ஆட்டினார்.

மாஸ்டர் அங்கேயே போனை எடுத்து மகளைப் பிடித்தார். "உன்ர மனுசன் எனக்குப் பூட்டின உடனே எரியிற கழிவுச் சாமான் அனுப்பியிருக்கிறான். இனி ஒண்டும் அனுப்பவேண்டாம். என்னோட கதைக்கவும் வேண்டாம்." சிவனேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாஸ் பழைய பொயின்டையே திரும்பப் பூட்டினார். மைனர் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆனது.

"பாத்தீரே, உம்மட கைதான் கை," என்றார் மாஸ்டர்.

அன்றிலிருந்து பாஸுக்குச் சோறு இறங்கவில்லை. கராஜில் யாராவது "பாஸ்" என்று கூப்பிட்டாலே சுருக்கென்றது. அன்றைக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த தாளை ஒருநாள் விரித்துப் பார்த்தார். எழுத்துக்கு மேலே படம் போட்டிருந்தது. புது வண்டிக்கு இப்படி, பழைய வண்டிக்கு இப்படி என்று சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று இருந்தன. சின்னப் பிள்ளைகூடப் பார்த்துப் பூட்டியிருக்கும். ஐயோ, இதன்மேலா முழங்காலை வைத்தோம் என்று கூனிக்குறுகிப்போனார்.

கடைசியில் மனைவி நாகலெட்சுமியிடம் சொன்னார். அவள் இன்னும் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள்.

"தோட்டத்துப் புத்தின்னு சொன்னாரா? நீங்க தலைய ஆட்டினீங்களா?"

"ஆட்டிட்டேன்."

"அப்ப என்னையுஞ் சேத்துத்தான் ஆட்டியிருக்கீங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனார். சிவனேஸ்வரி போட்ட கதிரையில் உட்காரவில்லை.

"சேர், கிட்டு நல்ல கிட்டுதான். நான்தான் வயர மாத்திப் பூட்டி எரிச்சேன். அப்பவே தெரியும், மறைச்சிட்டேன். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, அதையும் இத்தன வருசமா மறைச்சேன். அந்தப் புத்தி என்னோடது சேர். தோட்டத்தோடது இல்ல."

சிவனேஸ்வரி போனை எடுத்தார். துஷாந்தைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, பாஸிடம் நீட்டினார். "அவருக்கும் நீரே சொல்லும்."

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"தெரியும் பாஸ்," என்றான் துஷாந்த். "அந்தக் கிட்டு சும்மா எரியாது. வயர் மாறினாத்தான் எரியும்."

"தெரிஞ்சும் ஏன் தம்பி சொல்லல?"

"சொன்னா உங்க தொழில்ல பேரு கெட்டுப்போயிருமே. எங்க பேரு அந்த வீட்டுல ஏற்கனவே அப்பிடித்தான் இருக்கு. அதுல இன்னொன்னு சேந்தா என்ன?"

பாஸுக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். மெதுவாக மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்? லைன்ல இருக்கீங்களா?"

மாஸ்டர் கையை நீட்டிப் போனை வாங்கினார். இரண்டு தடவை செருமினார்.

"தம்பி, நான் மாமா கதைக்கிறன்."

பாஸ் வெளியே வந்து மைனரின் பக்கத்தில் நின்றார். சிவனேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஏதோ சொன்னார். பாஸ் கோப்பையை வாங்கினாரே தவிர, நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அம்மா," என்றார் கோப்பையைப் பார்த்தபடியே. "அடுத்த கிட்டு வந்தா, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. நான் பூட்டுறேன்."