ரைட் சொல்லாத டிரைவர்

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நிலோஃபர் வீட்டில் மூன்று பேர் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயது மகன் சுஹைல் ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு வீடு முழுக்க நொண்டியடித்து, இன்னொன்று கிடைத்தால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்றான். பத்தாவது படிக்கும் மகள் சுமையா, கணக்குப் பரீட்சை இருக்கிறது, தம்பியின் சாக்ஸைத் தேடுவது தன் வேலையில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிலில் நிலோஃபரின் அப்பா, அத்தா என்று அவள் கூப்பிடும் அமீர் ஜான், மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் மாட்டிய சட்டையோடு உட்கார்ந்து, "நான் வரல" என்றார்.

மூன்று முரண்டில் சாக்ஸைச் சமாளித்துவிடலாம், பரீட்சையையும் சமாளித்துவிடலாம். அத்தாவின் முரண்டு அப்படியில்லை. அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஏழு மாதத்துக்கு முன்பே கையை விரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் மலையிறங்கிப் போய், சேலத்து ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்து வரவேண்டும். இந்தச் செவ்வாய்க்கிழமை போகவில்லை. இப்போது கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் கட்டிலடியில் கிடந்தது.

போகாததற்குக் காரணம் வசந்த். ஏழு மாதமாக டாக்சியில் கூட்டிப்போய் வந்தவன், போன வாரம் கோயம்புத்தூரில் கம்பெனி வண்டி ஓட்ட வேலை கிடைத்துப் போய்விட்டான். பஸ் ஒத்துவராது. ஒரே ஒருமுறை பஸ்ஸில் போய்த் திரும்பும்போது ஒன்பதாவது வளைவில் அத்தா மயங்கி விழுந்து, பஸ்ஸே நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம் இதே மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் அவர். தன்னால் ஒரு பஸ் நடுவழியில் நின்றதைப் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

நிலோஃபரின் கணவர் சாதிக் பாஷா ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஸ்வெட்டரும் குடையும் விற்கிறார். நல்ல மனுஷன், ஆனால் சைக்கிளைக்கூட நேராக ஓட்டமாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி வீட்டை இரண்டாகப் பிரிப்பது. "நீ, அத்தா, அம்மா, சுஹைல் நாலு பேரும் சேலத்துல வாடகைக்கு இருங்க. சுமையாவுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்க" என்றார். சேலத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். இதைக் கேட்டதிலிருந்து சுமையா அம்மாவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஷார்ஜாவிலிருக்கும் தன் தம்பிக்கு நிலோஃபர் சொன்னதற்கு அவன், "அக்கா, அத்தாவ நல்லாப் பாத்துக்க" என்று குரல் பதிவு அனுப்பினான். அதை அழித்த பிறகுதான் நிலோஃபருக்கு மூச்சே வந்தது.

இத்தனைக்கும் வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. நிலோஃபரிடம் நான்கு வருடமாக லைசென்ஸ் இருக்கிறது. ஏரியைச் சுற்றி, பள்ளிக்கூடம் வரை, ஒருமுறை நாகலூர் வரைக்கும்கூட ஓட்டியிருக்கிறாள். மலையிறங்கியதில்லை, அவ்வளவுதான். அத்தாவுக்கு அதுதான் சாக்கு.

"இருபது வளைவுங்கறது வெளையாட்டில்ல கண்ணு. நான் ஓட்டுன ரோட்ல, என்னையவே உக்கார வெச்சு நீ எறக்கறதா? நடக்காது."

"ஏனுங்க, அவதான் இவ்ளோ கேக்கறாள்ல" என்று அம்மா ஆயிஷா மகள் பக்கம் பேசினாள். மறு மூச்சில், "அவரு சொல்றதும் வாஸ்தவந்தான், நொம்ப பனியா இருக்குது" என்று புருஷன் பக்கம் சாய்ந்தாள். முழங்கால் வலியில் எழுந்திருக்க முடியாதவள், கட்சி மட்டும் நிமிஷத்துக்கொன்று மாறுவாள். டாக்டர் கூடாதென்ற வாழைப்பழத்தை நேற்று அவருக்கு ஒளித்துக் கொடுத்ததும் அவள்தான்.

நிலோஃபருக்குப் பொறுமை போய்விட்டது.

"சரிங்கத்தா, நீங்க வர வேண்டாம். நான் மட்டும் போறேன். உங்க கட்டில்ல என்னையப் படுக்க வெச்சு மெஷினை மாட்டச் சொல்றேன். நாலு மணி நேரம் யாரும் கூப்பிடாம படுத்திருப்பேன். எனக்காச்சும் ரெஸ்ட் கெடைக்கும்!"

கத்தி முடித்ததும்தான் அதை எவ்வளவு உண்மையாகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்தது. சுமையா கதவைத் திறந்து வந்து, தம்பிக்குத் தன் சாக்ஸைக் கொடுத்தாள். அமீர் ஜான் சுவரைப் பிடித்து எழுந்தார். செருப்பு நுழையாத காலோடு நடந்து போய்க் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

வண்டி ஏறினாரே தவிர, வாய் ஓயவில்லை. மேலேயிருந்து இறங்கும்போது முதலில் வரும் இருபதாவது வளைவு ஆரம்பிப்பதற்குள்ளேயே "செகண்டுல போடு" வந்தது. போட்டுத்தான் இருந்தாள். "ஆரன் அடி" என்றார். அடித்துத்தான் இருந்தாள். "பிரேக்குல கால வெச்சுட்டே வராத, சூடாயிரும்" என்று சொல்லிக்கொண்டே, வளைவுக்கு வளைவு தன் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை ஓங்கி மிதித்தார். அந்தப் பக்கம் பிரேக் இருந்திருந்தால் கார் பதினெட்டாவது வளைவிலேயே நின்றிருக்கும்.

"அந்த மரத்தத் தாண்டித்தான் ஒடிக்கோணும்."

"அங்க மரமே இல்லீங்கத்தா. ரோட்ட அகலப்படுத்தறப்பவே வெட்டிட்டாங்க."

"மரம் இல்லாட்டி என்ன, எடம் இருக்குதில்ல?"

பதினோராவது வளைவில் ஒரு பஸ் ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. நிலோஃபர் முன்கூட்டியே ஒதுங்கி நின்றாள். அத்தா அதற்கும் ஒரு பாட்டம், "ஒதுங்கு, ஒதுங்கு, ஏறற வண்டிடி அது!" என்று கத்த, அவளும் திரும்பிக் கத்தினாள்.

"நின்னுட்டுத்தான இருக்கேன்! இனி அடிவாரம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா, இங்கயே எறக்கி விட்டுட்டுப் போயிருவேன். வாயை மூடிட்டு வாங்க!"

கடந்துபோன பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கி, "அமீரண்ணே, மகளுங்களா ஓட்டறது?" என்றார். அமீர் ஜான் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அதன் பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கால் மட்டும் வளைவு தவறாமல் விரிப்பை மிதித்தது. பெற்ற அப்பாவை வாயை மூடச் சொன்னது நிலோஃபருக்கு உறுத்தியது. ஆனால் மன்னிப்புக் கேட்டால் மறுபடி பேச ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து, கேட்காமலே சேலம் போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை வராததற்கு நர்ஸ் திட்டிய திட்டு அவளுக்குத்தான் விழுந்தது. மெஷின் ஓட ஆரம்பித்துப் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு, அரைமணி நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து போன். சுஹைல் வாந்தி எடுத்துவிட்டான், வந்து கூட்டிப்போங்கள். சாதிக் பாஷா போனை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்து, "டூரிஸ்ட்டு வந்திருந்தாங்க, ஸ்வெட்டரு அளவு பாத்துட்டிருந்தேன்" என்றார். "உங்க மகன் வாந்தி எடுத்துட்டு உக்காந்திருக்கான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மெஷினில் படுத்திருந்த நான்கு நோயாளிகள் தலையைத் திருப்பினார்கள். அத்தா மட்டும் கண்ணை மூடியே படுத்திருந்தார். பிறகு போனில் ஒரு படம் வந்தது. கடையில், ஸ்வெட்டர் குவியல் மேல் சுஹைல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் சாக்ஸ் வெள்ளை, இன்னொன்று சுமையாவின் நீலம்.

திரும்பும்போது அத்தாவுக்கு உட்கார முடியவில்லை. பின்சீட்டில் போர்வையைச் சுற்றிப் படுக்க வைத்தாள். பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் பனி இறங்கியது. முன்னால் பத்தடிதான் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. காலையில் மூடச் சொன்ன வாய் இப்போது ஏதாவது சொன்னால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அத்தா, ஆரன் அடிக்கட்டுமா?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

அவளே அடித்துக்கொண்டாள்.

பதினைந்தாவது வளைவில் பனிக்குள்ளிருந்து ஒரு டூரிஸ்ட் வேன் நடு ரோட்டில் இறங்கி வந்து, மூக்கோடு மூக்காக நின்றது. தப்பு அவனுடையது. ஆனால் அவனுக்குப் பின்னால் நாலைந்து கார்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. அவனால் நகர முடியாது. இவள்தான் பின்னால் போக வேண்டும். பின்னால் இறக்கம், தடுப்புச் சுவர், அதற்கப்பால் வெறும் வெள்ளை. கிளட்சை விட்டதும் வண்டி அணைந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி அணைந்தது. வேன்காரன் ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சேலத்து வீட்டுக்காரருக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான், அவரவர் ஒரு மூலையில் கிடப்போம் என்று நிலோஃபர் அழுதேவிட்டாள்.

பின்சீட்டில் போர்வை நகரும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். அத்தா முட்டி போட்டுத் திரும்பி, பின் கண்ணாடியின் ஈரத்தைப் போர்வை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வரலாம்" என்றார். குரலே இல்லை. "வரலாம்… மெதுவா… வரலாம்… லெஃப்ட் ஒடி. இன்னும் எடமிருக்குது, வரலாம்… போதும்."

வேன் உரசாமல் இறங்கிப் போனது. பின்னாலேயே கார்களும் போயின. ரோடு காலியானது. பின்கதவில் இரண்டு தட்டு விழுந்தது.

"ரைட்."

நிலோஃபருக்கு உடனே வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. விசில் அடிப்பதும் ரைட் சொல்வதும் கண்டக்டர் வேலை, ஸ்டியரிங் பிடித்தவன் வாயில் அது வரக்கூடாது என்று ஒரு கொள்கை அவருக்கு. வீட்டில் பீரோ நகர்த்தும்போது எல்லோரும் வா வா, ரைட் ரைட் என்று கத்துவார்கள். அவர் வாயைத் திறந்ததில்லை. அவள் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட அந்த வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதில்லை.

"ரைட்டுன்னேன்ல? எடு, பின்னால வண்டி வருது" என்றார் அவர்.

எடுத்தாள். மீதி ஐந்து வளைவும் அவர் வாய் ஓயவில்லை.

வீட்டுக்கு வரும்போது சுமையா வாசலிலேயே நின்றிருந்தாள். பரீட்சை எப்படி என்று கேட்டதற்கு அவள் காரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஆயிஷா, "ஏனுங்க, எப்புடி ஓட்டுனா?" என்று குரல் கொடுத்தாள்.

"பிரேக்கு ஜாஸ்தி புடிக்கறா" என்றார் அமீர் ஜான். நடக்க முடியாமல் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சுமையா தாத்தாவிடம் மெதுவாகக் கேட்டாள். "நன்னா, நாம சேலத்துக்குப் போறமா?"

"எதுக்கு? சனிக்கெழமை ஆறேகாலுக்கு வண்டி இருக்குதில்ல." இரண்டு படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்கம்மாவ அன்னைக்காச்சும் நேரத்துக்கு எடுக்கச் சொல்லு கண்ணு. இன்னைக்கு நொம்ப லேட்டு."

இன்றைக்கு யாரால் லேட்டானது என்று கேட்க நிலோஃபர் வாயைத் திறந்தாள். நாற்பத்திரண்டு வருடமாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் சேர்த்துக் கேட்கிற அளவுக்குக் கோபம் வந்தது. கேட்கவில்லை. கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஆறேகால் என்று காலண்டரில் சனிக்கிழமை கட்டத்தில் எழுதினாள்.