பருப்பில் நான் ஊற்றியது

என் கணவருக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. வீட்டுக்கு வெள்ளையடித்தால் தொட்டிக்கும் சேர்த்து அடித்துவிட்டுத்தான் மட்டையைக் கீழே வைப்பார். அதனால், நெஞ்சுவலி வந்து ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வலை வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது டாக்டர் கறியைக் குறைக்கச் சொன்னதை, இவர் குறைப்பதோடு விடவில்லை. பாளையங்கோட்டை வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் சொன்னார்.

"இனிமே கறி, மீனு, முட்டை, பாலு ஒண்ணும் எனக்கு வேண்டாம்ளா. மண்ணுல வெளையுதது போதும்."

"தயிருமா?" என்றேன்.

"தயிரு என்ன, மரத்துலயா காய்க்குது?"

அவர் அப்பாவும் அண்ணனும் அறுபதைப் பார்க்காமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். இவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அரசாங்க எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம். அவர் பயந்திருந்தார். நான் அவரைவிட அதிகமாகப் பயந்திருந்தேன், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன்.

இலை தழை தின்றால் செலவு மிச்சம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். செக்கில் ஆட்டிய எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பாதாம், தினம் ஒரு பழம் என்று, மாடியில் ஓர் அறை கட்ட வைத்திருந்த பணம் பைய பைய அடுப்படிக்குள் போய்ச் சேர்ந்தது. நான் கேட்டதற்கு, "ஆளு இருந்தாத்தான மாடிக்கு ஏற முடியும்" என்றார். மறுநாள் பாதாம் வாங்க நானே பையை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆனால் அவர் கொடுத்த பெரிய விலை பணம் இல்லை. சீவலப்பேரிக்குப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் சொந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வருடத்துக்கு ஒரு முறை அசனம் நடக்கும். சபையார் எல்லாரும் ஆடும் அரிசியும் கொடுத்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். அந்தக் குழம்புக்குக் கரண்டி பிடிப்பவர் இருபத்தைந்து வருடமாக என் கணவர்தான். அலுவலகத்தில் வாயே திறக்காத மனிதர், அசனத்தன்று அண்டாவுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டி நின்றால் பத்துப் பேரை ஏவுவார். கறி தொடமாட்டேன் என்றவர், அந்தக் கரண்டியை என்ன செய்யப் போகிறார் என்று ஊரே கேட்டது.

எனக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கு அவர் இடுப்பு வாரைப் பற்றிய கவலை. மூன்றாவது மாதத்தில் ஒரு புது ஓட்டை போட்டார். கன்னம் ஒட்டிப்போயிற்று. எங்கள் பக்கத்தில் ஆள் இளைத்தால் ஒரே மருந்துதான்: எலும்பு சூப். பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், காய்ச்சலில் எழுந்தவனுக்கும் அதுதான். அவர் காலையில் நடக்கப் போன நேரத்தில் நான் கறிக்கடைக்குப் போய் நெஞ்செலும்பு வாங்கி வந்தேன். நன்றாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரைப் பருப்பில் ஊற்றினேன். வாடை தெரியாமலிருக்கப் பூண்டும் பெருங்காயமும் தூக்கலாகப் போட்டேன். செய்தது துரோகம் என்று தெரியும். அவர் செத்துப்போவதைவிட அது தேவலை என்றிருந்தது.

அன்றிலிருந்து அவருக்குப் பருப்பு இறங்கவில்லை. "வயிறு மந்தமா இருக்குளா" என்று சொல்லிக் கொஞ்சம் சோற்றைத் துவையலோடு பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடுவார். இன்னும் இளைத்தார். நான் இன்னும் கூட எலும்பு வாங்கினேன். மிஞ்சுகிற பருப்பை வீணாக்க மனமில்லாமல் நானே சாப்பிட்டேன். அந்த இரண்டு மாதத்தில் என் ரவிக்கைகள் எல்லாம் பிடிக்க ஆரம்பித்தன.

அசனம் வந்தது. கறி தொடாவிட்டாலும் கரண்டியை இவர்தான் பிடித்தார். விடிய விடிய விறகு எரிந்து, காலையில் குழம்பு தளதளத்தது. பெண்கள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்டாவுக்கு மேலே குனிந்தார். கையால் ஆவியை முகத்துப் பக்கம் விசிறினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பு ஒரு கை குறையுது."

சபைப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "அண்ணாச்சி, நாக்குல வைக்காம எப்படி வே சொல்லுதீரு?"

"நீரு வச்சுப் பாரும்."

பெரியவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். உப்புப் பானையை எடுத்து வரச் சொன்னார்.

என் கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது. அண்டாக் குழம்பில் ஒரு கை உப்பை மூக்காலேயே அளக்கிற மனுசனுக்கு, ஒரு கிண்ணம் பருப்பில் எலும்புத் தண்ணீர் தெரியாதா?

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் முடிந்ததும் சமைத்தவருக்குத்தான் முதல் இலை. அவர் குழம்பை ஊற்றி ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்ற பந்தி. இவர் உட்கார்ந்தார், சோற்றை வாங்கினார், குழம்பைக் கையால் மறித்தார். பெரியவர் முகம் மாறியது.

"நீரே தின்னாத குழம்ப நாங்க எப்படித் திங்க? அப்ப அடுத்த வருசம் கரண்டிய வேற ஆளுக்குக் குடுத்திருவோம்."

"குடுங்க" என்றார். வெறும் சோற்றில் உப்பைத் தூவி, அத்தனை பேரும் பார்க்க, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு எழுந்தார். அவரைக் கட்டிக்கொண்டு முப்பது வருடத்தில் அன்றைக்குப்போல் நான் பெருமைப்பட்டதில்லை. சொன்னபடியே மறு வருடம் கரண்டி கைமாறியது. அந்தக் குழம்பில் உப்பு கூடிப்போனதை இங்கே எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

அசனத்தன்று சாயங்காலம் பாளையங்கோட்டைக்குத் திரும்பும் டவுண் பஸ்ஸில், ஆற்றுப்பாலம் தாண்டியதும் கேட்டேன்.

"பருப்பு விசயம் ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"பின்ன ஏன் ஏசல? பட்டினி கெடந்துல்லா எளைச்சிருக்கீங்க."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் போயிருவேன்னு பயந்துதான ஊத்துன. அத எப்படிளா ஏச?"

பஸ் என்றும் பாராமல் அழுதேன். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் பருப்பு வேகவைத்தேன். பருப்பும் பச்சைத் தண்ணீரும் மட்டும். பெருங்காயத்தைக்கூட அளவாகத்தான் போட்டேன். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர், பாத்திரத்தின் மூடியைத் திறந்து கையால் ஆவியை விசிறிப் பார்த்தார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உப்பு குறையுது" என்றார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு கரண்டி ஊத்து."