சிமியோன் சம்மாட்டி கேட்காத வீடு

சண்டை ஓய்ந்த பிறகு வந்த எல்லா மாநகரசபைத் தேர்தலிலும் யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர் வட்டாரம், சொந்தமாக மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த சிமியோன் சம்மாட்டிக்குத்தான். வோட்டுக் கேட்பதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் வெள்ளை வேட்டியோடு வீடு வீடாகப் போவார். வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, "என்ன, முந்தின மாதிரித்தானே?" என்பார். அவன் "ஓம் சம்மாட்டி" என்றால் அந்த வீட்டு வோட்டெல்லாம் விழுந்த மாதிரித்தான். தேத்தண்ணி கொண்டுவரும் பெண்ணை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார் மனுசன்.

இந்தமுறை கட்சிக்குள் புகைச்சல். செயலாளர் செல்வரட்ணம் அவரைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார்.

"பழைய பேச்சுக்குக் கைதட்டுற ஆக்கள் குறைஞ்சிட்டினம், சம்மாட்டி. ஆம்பிளையள் பாதிப்பேர் வெளிநாட்டிலை. இப்ப வோட்டுப் போடுறது பொம்பிளையளும் பெடிபெட்டையளும். அதுகள் வேலையைப் பற்றிக் கேக்குதுகள். உங்கடை இடத்திலை ஒரு இளம் பிள்ளையை நிப்பாட்டுவமே?"

சிமியோனுக்குச் சுருக்கென்றது. பதவி போனால் கோயில் வாசலில் எந்த முகத்தோடு நிற்பது? "குருநகரை என்னட்டை விடுங்கோ. ஒரு வீடும் பிசகாது," என்று அடித்துச் சொன்னார்.

கட்சிக்கு அவரைப் பகைக்கவும் பயம், இளசுகளை விடவும் மனமில்லை. அவரையே வேட்பாளராக நிறுத்தி, மேடையில் ஏற்றி அதே பழைய பேச்சைப் பேசவிட்டது. சுவரொட்டியில் சிரிக்கிற பெண்பிள்ளைகளின் படத்தைப் போட்டது. அந்தப் பிள்ளைகள் யாரென்று குருநகரில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்காரன் இல்லாத வீடுகளுக்கும் சம்மாட்டியிடம் வழி இருந்தது. அப்படி ஒரு வீடு பிரகாசுடையது; அவன் பிரான்சில் இருக்கிறான். அவன் மனைவி ஜெசிதா கதிரை எடுத்துப்போட, இவர் அதில் இருந்தபடியே பிரகாசுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தார்.

"ஓம் அண்ணை, எங்கடை வீட்டு வோட்டு உங்களுக்குத்தான்," என்றான் அவன்.

ஜெசிதா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். சம்மாட்டி குடித்து முடித்து அடுத்த வீட்டுக்கு எழும்பினார். கனடா, லண்டன் வீடுகளுக்கும் இதே கதைதான்.

தேர்தலன்று பொழுதுபட்டபிறகு எண்ணி முடிந்தபோது, புதுக்கட்சியில் நின்ற ஒரு இளம்பெண் வென்றிருந்தாள். சம்மாட்டிக்கு அவமானம் தாங்கவில்லை. வெளிநாட்டுக்காரரின் வீடுகள்தான் பிசகியிருக்கும் என்று நேரே ஜெசிதா வீட்டு வேலிப் படலையில் போய் நின்றார்.

"பிரகாஸ் எனக்குச் சொல்லுத் தந்தவன், பிள்ளை."

"அவருக்கு இஞ்சை வோட்டே இல்லை, அண்ணை," என்றாள் ஜெசிதா. அவள் குரலில் கோபம் இல்லை. "நான் உங்களுக்கு முன்னாலைதானே நிண்டனான். ஒரு சொல்லுக் கேட்டனீங்களே? அந்தப் புதுக்கட்சிப் பிள்ளை வந்து என்னட்டைக் கேட்டது. அதின்ரை சின்னத்துக்குப் புள்ளடி போட்டன்."

சம்மாட்டி திரும்பி நடந்தார். அயல்வீட்டு வாசல்களில் நின்ற ஆட்களைப் பார்க்காமல் ஒழுங்கையால் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மனைவி கத்தரீனா சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்தார். ஊரே கைவிட்டாலும் இந்த வீடு இருக்கிறது என்று மனதைத் தேற்றப் பார்த்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீயாவது எனக்குத்தானே போட்டனி?"

கத்தரீனா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து இண்டைக்குத்தான் என்னட்டைக் கேக்கிறியள்," என்றுவிட்டு, பதில் சொல்லாமலே குசினிக்குள் போய்விட்டாள்.