எண்ணெய் ஆலையின் பின்சுவர்

கரமனைப் பக்கம் இருந்த பழைய தேங்காய் எண்ணெய் ஆலையை நாடக அரங்காக மாற்றி இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது. அங்கே நான் ஸ்டேஜ் மேனேஜர். செக்குகள் ஓடிய தளம் மேடை ஆயிற்று. கொப்பரை குவித்த கூடத்தில் இருக்கைகள். மேடையின் மூன்று பக்கமும் கறுப்பு வெல்வெட் திரை தொங்கவிட்டிருந்தோம். எல்லா அரங்கிலும் அப்படித்தான். எங்களில் யாரும் அதைப் பற்றி யோசித்ததுகூடக் கிடையாது. திரைக்குப் பின்னால் இருந்த சுவர் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

அந்த ஜூன் மாதம் திருநெல்வேலியிலிருந்து செண்பகம் அக்கா தனிநடிப்புக்காக வந்தார். தொண்டையில் ஆபரேஷன் முடிந்து அவர் ஏறும் முதல் மேடை. காலை ஒத்திகையில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உதடு அசைவது தெரிந்தது. வசனம் வரவில்லை.

“கேக்குதாய்யா தாணு?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “பாதி ஹால் வரைக்கும் கேக்குது அக்கா.”

அரங்கின் செக்ரட்டரி தாமோதரன் சார் மலையாளம் கலந்த தமிழில் குறுக்கிட்டார். “ஒரு காலர் மைக் வச்சா தீர்ந்துபோகும் சேச்சி. அதுக்கெந்தா இப்போ?”

“மைக்குல பேசணும்னா வீட்டுல இருந்தே பதிவு பண்ணி அனுப்பியிருப்பேனே. ஒங்களுக்கு பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.”

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. “இன்னைக்குக் கடைசி ஆளுக்கு எட்டலேன்னா நாடகத்தை இதோட விட்டுருவேன். வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன்.”

சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுக்க மேடை ஏறியபோது எனக்கும் மூக்கு அரித்தது. பின் திரையைத் திருப்பிப் பார்த்தேன். மழை ஈரத்தில் அதன் உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

லைட் பார்க்கும் பிஜுவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன்.

“எல்லாமா அண்ணா? பின்னாடி வெறும் கரிச்சுவராக்கும்.”

தாமோதரன் சாருக்குக் கோபம். “எடோ தாணு, டிக்கெட் எடுத்து வர்றவங்க குடோன் பாக்கவா வர்றாங்க?”

“குடோன்தானே சார். நாமதானே அதுக்கு வேஷம் போட்டு வச்சிருக்கோம்.”

அவர் முறைத்தார். ஆனால் அக்கா இன்னும் இருமிக்கொண்டிருந்ததால் தடுக்கவில்லை.

கடைசித் திரை விழுந்ததும் பிஜு ஒரு சைடு லைட்டைப் போட்டான். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். அடியிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு எண்ணெய் ஊறிக் கறுத்த செங்கல், நனைந்த யானை முதுகைப்போல மின்னியது. மேலே போகப்போக அது சிவந்து, ஓடுகளுக்குக் கீழே இருட்டில் கலந்தது. “எண்டம்மோ!” என்றான் பிஜு. அவனே மாட்டிய திரைகள்தான் அவை.

அக்கா சுவரருகே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, குரலை உயர்த்தாமல் அதே வசனத்தைச் சொன்னார். “கதவு திறந்துதான் கெடக்கு. உள்ள வா.”

நான் மறுபடி கடைசி வரிசைக்குப் போயிருந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து யாரோ என்னை அழைத்தது போல இருந்தது. தாமோதரன் சார் மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். “ஒன்னுகூடி, சேச்சி” என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அக்கா சொன்னார். சார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

குரலை வெல்வெட் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் ஊறி இறுகிய செங்கலோ அதைச் சிந்தாமல் திருப்பித் தந்தது. சுவரைக் கட்டியவர்கள் நாடகத்தை நினைத்திருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

மாலையில் மழை விட்டிருந்தது. அரங்கு நிறைந்தது. முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான். “எட்டிச்சா?”

“நீங்க மூச்சு வாங்குனதுகூட எட்டிச்சு அக்கா.”

அவர் செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். “ஏட்டி, நாடகம் கேட்ட அந்த மதுரைக்காரங்களுக்குத் தேதி குடுத்துரு.”

அரங்க வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு கட்டடத்தில் எதையும் தொங்கவிடுவதற்கு முன்னால், வெறும் மேடையில் ஒருவரை நிறுத்தி ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். திரை வேண்டுமா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.