எந்த ஜெயில் சரி?

லாகூரில் வெளிவந்த 'கர்வட்' என்ற உருது வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர் குலாம் தஸ்தகீர். அவர் பார்த்த வேலை, பிரதிகளுக்கு விலாசத் தாள் ஒட்டித் தபாலில் சேர்ப்பது. ஆசிரியரைப் போலீஸ் பிடிக்கும். தலைவர்களைப் பிடித்தால் புரட்சி தாமதமாகும். ஆகவே பத்திரிகையை நடத்திய கட்சி அதைத் தஸ்தகீர் பெயரில் பதிவு செய்தது. போலீசும் பிடித்தது. மூன்று தலையங்கம், மூன்று ஜெயில். ஆசிரியர் என்ற மரியாதைக்கு 'பி' வகுப்பு: கட்டில், பால், தினம் ஒரு முட்டை. வீட்டில் முட்டை ஈத் பெருநாளுக்குப் பெருநாள்தான்.

தலையங்கங்களை அவர் படித்ததுண்டு. புரிந்ததில்லை. புரிந்தவர்கள்தானே எழுதினார்கள் என்று போய் வந்தார்.

பத்தாம் வருஷம் கட்சி இரண்டாக உடைந்தது. தஸ்தகீர் யாருக்கு எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் பத்திரிகை. ஒரு பாதியின் தலைவர் மாலிக் பர்வேஸ் முதலில் வந்தார்.

"தோழர், சனிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க."

"போடறேன் மாலிக் சாகிப். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணு தடவை உள்ள போனேனே, எது சரி?"

"முதல் தடவை சரி. மத்த ரெண்டும் அந்த நக்வி எழுதின உளறல்."

மாலை மறு பாதியின் தலைவர் நக்வி வந்தார். "ரெண்டாவதும் மூணாவதும் வைரம், தஸ்தகீர். முதலாவதுதான் பச்சைத் துரோகம்."

"அதுக்குத்தான் சாகிப் அஞ்சு மாசம் உள்ள இருந்தேன்."

"வரலாறு மன்னிக்கும்."

யாரை என்று சொல்லாமல் போய்விட்டார்.

கூட்டிப் பார்த்தாலும் கழித்துப் பார்த்தாலும் தஸ்தகீருக்கு ஒரு ஜெயிலும் மிஞ்சவில்லை. சனிக்கிழமை யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை. தானே ஒரு இதழ் போட்டார். முதல் பக்கத்தில் ஒரே வரி: 'நான் எதற்காக ஜெயிலுக்குப் போனேன்? தெரிந்தவர்கள் எழுதவும். ஆசிரியர்.'

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் இதழோடு வந்தார்.

"எடிட்டர் சாகிப், இதுல சர்க்காரைத் திட்டவே இல்லையே?"

"இல்லீங்க."

"அப்ப யாரைச் சொல்றீங்க?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்."

இன்ஸ்பெக்டர் மேலிடத்தைக் கேட்டார். மேலிடத்துக்கும் புரியவில்லை. புரியாததை வெளியே விடுவது ஆபத்து என்று முடிவானது.

மனைவி ஷமீம் கம்பளியை மடித்தாள். "இந்தத் தடவையாவது எதுக்குன்னு தெரியுமா?"

"நானே எழுதினதுதான்," என்று செருப்பைத் தேடினார் தஸ்தகீர். "அப்பவும் தெரியல."