முருங்கைக்காய் வாங்கச் சொன்ன குரல்

சென்ற ஆண்டு, ஹோலி முடிந்த வாரம். கொல்கத்தாவில் அலிப்பூர் பக்கம் ஓர் அலுவலகத்தில், தொழில்நுட்ப ஊழியர்களுக்கு யூனிக்ஸ் சர்வர் நிர்வாகத்தில் உயர்நிலைப் பயிற்சி நடத்த, ஓய்வுபெற்றுவிட்ட என்னை அழைத்திருந்தார்கள். காலை முழுவதும் ஒன்றையே வற்புறுத்தினேன்: எதில் கை வைப்பதற்கு முன்னும் பேக்கப் எடுங்கள்.

மதியம், ஒரு டிஸ்க்கை அழித்துப் புதிதாகத் தயார்செய்து காட்ட வேண்டும். பாடக் குறிப்புகளுக்காக என் சொந்த டிஸ்க்கையும் அதே கணினியில் செருகியிருந்தேன். இடைவேளைக்குப் பின் கணினியைத் திரும்ப இயக்கினேன். அப்படி இயக்கும்போது, கணினி அந்த இரண்டு டிஸ்க்குகளுக்கும் வைக்கும் பெயர்கள் இடம் மாறக்கூடும். தெரிந்தும் பார்க்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "ஸார், நாம்டா ஏக்பார் தேகே நின்" என்றாள். பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இதைச் செய்கிறேன் என்று வங்காளத்தில் கிண்டலடித்துவிட்டு என்டரைத் தட்டினேன். வகுப்பே சிரித்தது.

அழிந்தது என் டிஸ்க்.

அதில்தான் மறைந்த என் மனைவியின் குரல் இருந்தது. சர்வர் அறையில் நான் போனை எடுக்க மாட்டேன் என்பதால் குரல் செய்தி அனுப்புவாள். நான் பதில் போட்டதில்லை. பலவற்றைக் கேட்டதுகூட இல்லை. அவள் போன பிறகுதான் எல்லாவற்றையும் போனிலிருந்து எடுத்து வைத்து, மாலைகளில் கேட்டுவந்தேன். அந்த போனும் இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

"ஆர் கிச்சு கோர்பேன் நா, ஸார்." இனி எதையும் தொடாதீர்கள் என்று, அந்தப் பெண் கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, நகலில் தேடினாள். வகுப்பு கலைந்த பின்னும் போகவில்லை. கிடைத்தவை பெரும்பாலும் வெறும் இரைச்சல். ஒன்று மட்டும் முழுதாக வந்தது.

"ஏன்னா, லேக் மார்க்கெட்ல பிஞ்சு முருங்கைக்காய் வந்திருக்காம். வரச்சே வாங்கிண்டு வாங்கோ. மறந்தேளோ, உங்க சர்வரைத்தான் நறுக்கி சாம்பார்ல போடுவேன்!"

தமிழ் தெரியாத அந்தப் பெண், "கீ போல்சேன்?" என்று, என்ன சொல்கிறார் எனக் கேட்டாள். முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்கிறாள் என்றேன்.

அந்தக் குரலுக்கு இப்போது பேக்கப் இருக்கிறது. ஆனாலும் லேக் மார்க்கெட்டைக் கடக்கும்போதெல்லாம், 'வாங்கிண்டு வரேன்' என்று ஒரே ஒரு தடவை அவளுக்குப் பதில் சொல்ல மாட்டோமா என்று இருக்கிறது.